நண்டோட்டுப் பதிவேடு

பதினைந்தாவது தொகுதியும் பதினெட்டில் உடைந்துவிட்டது.

சோதனை இயந்திரத்தின் இரண்டு தாங்கிகளுக்கு நடுவே விரல் நீளச் சில்லு ஒன்று கிடந்தது. மேலிருந்து இறங்கிய முனை அதை மெல்ல அழுத்த, திரையில் அது தாங்கும் பளுவின் எண் ஏறி வந்து பதினெட்டில் நின்றது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சருகை மிதித்த மாதிரி. இயந்திரத்தை ஓட்டுபவரை எங்கள் கட்டடத்தில் ‘உடைப்பார்’ என்றால்தான் தெரியும். அவர் தூளைத் தூரிகையால் கூட்டி ஓர் உறையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

“டைம்டேபிள் அண்ணே, நீங்க டீயில முக்குற பிஸ்கட் இதைவிடத் தாங்கும். வேணும்னா வெச்சுப் பாத்துடலாமா?”

டைம்டேபிள் என்பது நான். ஆய்வுக்கூட உதவியாளன். பக்கத்தில் நின்ற பாதி டாக்டர் சிரிக்கவில்லை. ஆறாவது வருஷமாகியும் பட்டம் கைக்கு வராததால் அந்தப் பெண் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

“நாலு தடவை அண்ணா. பதினேழு, பத்தொன்பது, பதினாறு, பதினெட்டு. பதினொண்ணாவது தொகுதியில மட்டும் நாற்பத்தி ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?”

“தெரியலைம்மா” என்றேன்.

அது பொய். ஆனால் அன்று காலைவரை அது எனக்கே சரியாகத் தெரியாத பொய்.

என்ன வேலை செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நண்டின் ஓட்டுக்குள் கைட்டின் என்ற நாரால் ஆன வலை ஒன்று அடுக்கடுக்காக இருக்கிறது. நாரைச் சுற்றிப் புரதம், இடுக்கெல்லாம் சுண்ணாம்பு. சந்தையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் ஓடுகளைச் சுரண்டிக் கழுவி, நீளமாக வெட்டி, முதலில் அமிலத்தில் போடுவேன். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து போகும். அடுத்து, சூடான காரநீரில் போடுவேன். புரதம் போகும். பிறகு அலசி, சாராயத்தில் முக்கி நிறத்தை எடுத்தால் கையில் மிஞ்சுவது கைட்டின் மட்டும். ஈரத்தோல் மாதிரி துவளும். ஆனால் ஓட்டின் வளைவு அப்படியே இருக்கும். அதைச் சுண்ணாம்புக் கரைசலில் பத்து நாள் மூடி வைத்தால் வலையின் கண்களுக்குள் புதிதாகக் கனிமம் வளர வேண்டும். நண்டு செய்ததை நாங்கள் செய்கிறோம், எங்களுக்கு வேண்டிய கனிமத்தை வைத்து. முறிந்த எலும்புக்கு முட்டுக்கொடுத்து, எலும்பு கூடியதும் தானே கரைந்துபோகும் தகடு செய்வதுதான் நோக்கம். நாற்பதைத் தாண்டினால் அதைப் பற்றிப் பேசலாம் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். பதினெட்டில் பேச ஒன்றுமில்லை. கனிமம் உள்ளே போகாமல் மேலே பொருக்காகத் தங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்த மாதக் கடைசியில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. நாற்பத்தொன்றை இன்னொரு முறை காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். பாதி டாக்டரின் ஆறு வருஷம் போகும். என் வேலையும் அந்தத் திட்டத்தின் பெயரில்தான் ஓடுகிறது. வேலை போனால் மருத்துவ அட்டை போகும். என் மனைவிக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் அந்த அட்டையில் நடக்கிறது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, திங்களும் வியாழனும் மாலை ஆறிலிருந்து பத்து வரை அவளுடைய ரத்தத்தை ஓர் இயந்திரம் கழுவித் தருகிறது. வேறு வழியில் அதைச் செய்துகொள்ள எங்களால் ஆகாது. இவ்வளவுதான் கணக்கு.

இனி பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் படித்த சிற்றூர்ப் பள்ளியில் செய்முறைக் குறிப்பேட்டில் ஓர் அடித்தல் இருந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்து, முழுவதையும் மறுபடி எழுதச் சொல்வார்கள். அதனால் நாங்கள் எல்லாரும் நேரத்தையும் அளவையும் முதலில் அழகாக எழுதிவிட்டு, சோதனையை அதற்குத் தக்கபடி செய்வோம். இங்கே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காரநீர் வேலைக்கு முழங்கை வரை உறை போட வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் மஞ்சளித்துப் பொடிந்துவிடும். ஆகையால் திங்கட்கிழமை காலை, கை காய்ந்திருக்கும்போதே, அந்த வாரம் முழுவதற்கும் எழுதிவிடுவேன். ‘வியாழன் 8.30 – காரநீரில் இட்டது. 12.30 – காரநீர் மாற்றியது. 4.30 – மாற்றியது. வெள்ளி 8.30 – எடுத்து அலசியது.’ எழுதியதைச் செய்துமுடிக்காமல் வீட்டுக்குப் போனதில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் அது பொய்த்தது.

அது பதினொன்றாம் தொகுதியின் வியாழக்கிழமை.

ஓடுகளைக் காரநீரில் இட்டிருந்தேன். தொட்டி சூடேறிக்கொண்டிருந்தது. கைபேசி அடித்தது. கீழ்வீட்டு அம்மா.

“உங்க வீட்டுல மாடிப்படியில உக்காந்துட்டாங்க. மூச்சு வாங்குது. எழுந்துக்க முடியலை. நான் வண்டி வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், நீங்க நேரா வந்துடுங்க.”

இரவில் காவலர் ஒரு கண் வைத்திருப்பார்; பகலில் சூடான காரத்தை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது விதி. தட்டோடு ஓடுகளைத் தூக்கி நல்ல தண்ணீர் வாளியில் போட்டேன், அடுப்பை அணைத்தேன், ஓடினேன். மறுநாள் காலை எட்டரைக்கு அதே சட்டையில் திரும்பி வந்தேன். பதிவேடு ‘எடுத்து அலசியது’ என்றது. ஓடு ஏற்கெனவே தண்ணீரில்தான் கிடந்தது. அலசினேன். அடித்து எழுதப் பேனாவைத் திறந்தேன். ஒன்பது வருஷப் பக்கங்களில் ஓர் அடித்தல் இல்லை. இந்தத் தொகுதி எப்படியும் கெட்டதுதான், உடைந்து போகும், யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துப் பேனாவை மூடிவிட்டேன். அன்று மாலை பாதி டாக்டர் வழக்கம்போல் வாரக் கையெழுத்தைப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து அது நாற்பத்தொன்றில்தான் உடைந்தது. உடைப்பார் நம்பாமல் இயந்திரத்தையே சரிபார்த்தார். துறைத்தலைவர் படியிறங்கி வந்து சில்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். நான் ஒரு மூலையில் நின்று, ஏதோ நல்ல நண்டு என்று நினைத்துக்கொண்டேன். செய்யாமல் விட்ட வேலையிலிருந்து நல்லது வரும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அதன் பிறகு நான்கு தொகுதிகள். ஒரு நிமிஷம் பிசகாமல், எழுதியபடியே செய்தேன். நான்கும் பொருக்கு. அன்று உறையைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. ஒழுங்காகச் செய்ததெல்லாம் உடைகிறது. ஓடிப்போன அன்றைக்குச் செய்தது மட்டும் நின்றது.

அன்று வியாழன். பேருந்தில் நின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மனைவியை நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, குழாயைப் பொருத்தியிருந்தார்கள். எங்கள் பக்கம் ஆறு நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆள்.

“என்ன, இன்னைக்கும் உடைஞ்சுதா?” என்றாள் என் முகத்தைப் பார்த்து.

“பதினெட்டு.”

“என்னை வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. நான் நாற்பதையாவது தாங்குவேன்.”

பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். அவள் துணிக்கடையில் சீருடை தைப்பவளாக இருபது வருஷம் வேலை பார்த்தவள். பேச்சிலும் ஊசி இருக்கும்.

நான் குரலைத் தாழ்த்தி முழுவதையும் சொன்னேன். அன்றைக்கு வாளியில் போட்டது, அடிக்காமல் விட்டது, நான்கு முறை சரியாகச் செய்து தோற்றது. புரதம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு கனிமம் உள்ளே போகிறதோ என்னவோ என்றேன். அவளுக்குப் புரதம் என்ன என்பது என்னைவிட நன்றாகத் தெரியும். எவ்வளவு சாப்பிடலாம் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

“இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடலாம்னு பாக்குறேன்.”

“சொன்னா?”

“பதிவேடு பொய்னு ஆயிடும். என்னை வெச்சிருக்க மாட்டாங்க.”

அவள் குழாய் இழுபடாமல் என் பக்கம் சாய்ந்தாள்.

“என்னங்க, ஒண்ணு சொல்றேன். நீங்க ரொம்ப நல்லவர்தான், அது ஊருக்கே தெரியும். அந்த நல்ல குணத்தை நான் போனதுக்கப்புறம் எடுத்து வெளியில வைங்க. அதுவரைக்கும் பொட்டியில இருக்கட்டும்.”

“அதுக்கில்ல...”

“அன்னைக்குச் செஞ்ச மாதிரியே இன்னொரு தடவை செஞ்சுடுங்க. சீக்கிரமா எடுத்து வாளியில போட்டுடுங்க. நம்பர் வந்துடும். அவளுக்கும் பட்டம், உங்களுக்கும் வேலை, எனக்கும் ரத்தம். யாருக்கு என்ன நஷ்டம்?”

செவிலி வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். அவள் அவரிடம், “இவர் ஓட்டை அலசுறாரு, நீங்க என்னை அலசுறீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளமா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் சொன்னபடியே செய்தேன்.

பதினாறாம் தொகுதி. திங்கட்கிழமை எல்லா நேரத்தையும் எழுதினேன். ‘12.30 – காரநீர் மாற்றியது’ என்று எழுதும்போது கை ஒரு கணம் நின்று, பிறகு போனது. எழுத்து வழக்கத்தைவிட அழகாகவே வந்தது. அதற்குள் ஒன்று புரிந்தது: அன்றைக்கு எத்தனை மணிக்கு எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. மணியைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் என்று மட்டும் தெரியும். வியாழனன்று பாதி டாக்டர் துறைக் கூட்டத்துக்குப் போன பிறகு, பன்னிரண்டு மணிக்குத் தட்டைத் தூக்கி வாளியில் போட்டேன். மூன்றரை மணி நேரம். பன்னிரண்டரைக்கும் நாலரைக்கும் புதுக் காரநீரைக் கலந்து, தொட்டியில் ஊற்றி, ஒன்றுமில்லாத தொட்டியைச் சுடவைத்தேன். யாராவது எட்டிப்பார்த்தால் ஆவி தெரிய வேண்டுமே. இத்தனை வருஷத்தில் அவ்வளவு கவனமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை.

மூன்று வாரம் கழித்து உடைப்பார் முனையை இறக்கினார். இருபது. இருபத்தைந்து. முப்பது. முப்பத்தாறில் உடைந்தது.

“டைம்டேபிள் அண்ணே, பிஸ்கட் தோத்துடுச்சு” என்றார் உடைப்பார்.

பாதி டாக்டர் இயந்திரத்தின் மேசையில் கையை ஊன்றி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. “எனக்குத் தூக்கம் வருது அண்ணா. நாலு மாசத் தூக்கம்” என்றார். நாற்பது இல்லாவிட்டாலும் இரண்டு மடங்கு. குழுவுக்கு இது போதும் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். மனைவியிடம் போய்ச் சொன்னேன். “நான் சொன்னேனா இல்லையா?” என்றாள். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

மூன்றாம் நாள் பாதி டாக்டர் பதிவேட்டைக் கேட்டார்.

“எதுக்கும்மா?”

“குழு வர்றதுக்கு முன்னால இன்னொரு இடத்துலயும் ஒரு தடவை செஞ்சு பாக்கணும்னு சார் சொல்றாரு. எனக்கு சீனியரா இருந்த அக்கா ஒருத்தங்க வேற ஊர்ல லேப் வெச்சிருக்காங்க. கெஞ்சிக் கேட்டு ஒத்துக்க வெச்சிருக்கேன். அவங்க ஆளு ஓடெல்லாம் வாங்கிட்டாராம். நம்ம பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினா அதையே பாத்து செஞ்சுடுவாங்க. உங்க எழுத்துதான் அச்சு மாதிரி இருக்கே, டைப் அடிக்கவே வேணாம்.”

பதிவேட்டைக் கொடுத்தேன். அவர் பக்கத்தை விரித்துக் கைபேசியை நேராகப் பிடித்தார். வெளிச்சம் போதவில்லை என்று சன்னல் பக்கம் நகர்ந்தார்.

முன்பின் பார்த்திராத ஒரு லேப், அங்கே என்னைப் போல ஓர் ஆள். திங்கட்கிழமை காலை உறை போட்டுக்கொண்டு என் எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்வான். பன்னிரண்டரைக்கு மாற்றுவான், நாலரைக்கு மாற்றுவான். பொருக்கு வரும். தன் கையில் ஏதோ பிசகு என்று மறுபடி செய்வான். மறுபடி பொருக்கு. அவனைத் திட்டுவார்கள். அவனைத் திட்டி முடித்தபின் இந்தப் பெண்ணைத் திட்டுவார்கள், பொய்க் கணக்கு காட்டினாள் என்று. யாருக்கு என்ன நஷ்டம் என்று என் மனைவி கேட்டாளே, அந்தக் கேள்விக்கு எனக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது.

“அனுப்பாதீங்கம்மா” என்றேன்.

“ஏன், ஏதாவது விட்டுப்போச்சா?”

“அதுல இருக்கிறது நடக்கலை.”

நின்றபடியே சொன்னேன். முதலில் பதினாறு, பிறகு பதினொன்று. வரிசை மாறிவிட்டது, நடுவில் திருத்திக்கொண்டேன். காலித் தொட்டியைச் சுடவைத்ததையும் விடவில்லை. அவர் கைபேசியை மேசைமேல் குப்புற வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “பதினொண்ணுல எத்தனை மணி நேரம்?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியாதும்மா. சத்தியமா நினைவில்லை.”

“நாலு தொகுதி அண்ணா. பன்னெண்டு வாரம். நான் கரைசல்லதான் தப்புன்னு அதையே மாத்தி மாத்தி...” நிறுத்திக்கொண்டார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

“உங்க வீட்டு அக்காவுக்கு அன்னைக்குத்தான் முடியாமப் போச்சா?”

“அன்னைக்குத்தான்.”

“ஆஸ்பத்திரியில எத்தனை மணிக்குச் சேத்தீங்கன்னு எழுதியிருப்பாங்க இல்ல?”

எனக்கு அது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

மாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் டயாலிசிஸ் கையேட்டைக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் எடை, அழுத்தம், ஏற்றிய நேரம், இறக்கிய நேரம் எல்லாம் செவிலி எழுதும் சிறு புத்தகம். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லும்முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“சொல்லிட்டீங்க.”

“ம்.”

“என்கிட்டக் கேக்கலை.”

“கேட்டா வேணாம்னு சொல்லுவே.”

“அதனாலதான் கேக்கணும்.” கட்டிலில் உட்கார்ந்தபடி, வீங்கிய காலை மெல்ல மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். “பைக்குள்ள இருக்கு, எடுத்துக்குங்க. வியாழக்கிழமைக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடுங்க. அது இல்லாம நாற்காலியில ஏத்த மாட்டாங்க. அட்டை இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.”

அன்று முதல் அவள் என்னிடம் பேசவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய தண்டனை, எனக்கும்தான்.

கையேட்டின் முதல் பக்கத்தில் சேர்த்த நேரம் 11.00 என்று இருந்தது. அதன் கீழே என் கையெழுத்து. பாதி டாக்டர் ஒரு தாளில் கூட்டிக் கழித்தார். வாடகை வண்டியில் அரைமணி; வாசலில் அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே கொண்டுபோனது கால்மணி. நான் கிளம்பியது பத்தேகாலுக்கு. இட்டது எட்டரை.

“ரெண்டு மணி நேரம்கூட இல்லை அண்ணா.” அவர் பேனாவால் அந்த எண்ணைத் தட்டினார். “ஒண்ணேமுக்கால் மணி நேரத்துக்கு நாற்பத்தி ஒண்ணு. மூணரைக்கு முப்பத்தாறு. இருபத்தி நாலுக்குப் பதினெட்டு.” அவர் முகத்தில் ஏதோ வந்து, உடனே போய்விட்டது. “இதை எழுதி எங்கயும் அனுப்ப முடியாது. ஆதாரம்னு ஆஸ்பத்திரிப் புத்தகத்தையா காட்டுறது? எல்லாத்தையும் மொதல்லேருந்து செய்யணும்.”

துறைத்தலைவரிடம் இரண்டு பேருமாகப் போனோம். வயதான மனிதர், மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என இரண்டு கண்ணாடி வைத்திருப்பார். கெட்ட செய்தியென்றால் இரண்டையும் கழற்றிவிடுவார். கழற்றினார்.

“வாரா வாரம் கையெழுத்துப் போட்டியேம்மா. பாத்துதானே போட்டே?”

பாதி டாக்டர் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். “பாக்கலை சார். ஒன்பது வருஷமா இவர் எழுதுறது தப்பா இருந்ததில்லைன்னு சொன்னாங்க. எழுத்தும் அழகா இருந்துச்சு. போட்டுட்டேன்” என்றார்.

“அதைக் குழுவுக்கு நான் எப்படிச் சொல்றது?”

“நானே சொல்லிடறேன் சார்.”

அவர் பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினார். “உங்களை என்ன பண்றது? சொல்லாம இருந்திருந்தா எனக்கு இந்தத் தலைவலி இல்லை. சொன்னதுக்கு அப்புறம் ஒண்ணும் பண்ணாம இருக்கவும் முடியாது.”

“தெரியும் சார்.”

“வீட்டுல எப்படி இருக்காங்க?”

“வாரத்துல ரெண்டு நாள் சார்.”

“ம்” என்றார். விசாரணை என்று ஒரு தாளில் எழுதினார்.

குழு வந்தது. பாதி டாக்டர் அரைமணி நேரம் நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னதாக உடைப்பார் சொன்னார். திட்டத்தை உடனே மூடவில்லை. ஏற்கெனவே மிச்சமிருக்கும் நான்கு மாதம் ஓடட்டும், நீட்டிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பழைய தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் அவர் தனித்தனியாக விளக்கம் எழுத வேண்டும். பட்டத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கூடும். என்னைக் கீழ்த்தளத்துக் கண்ணாடிச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். அங்கே குடுவை கழுவுவதுதான் வேலை. எழுத எதுவும் இல்லை. விசாரணை முடியும்வரை அட்டை செல்லும். முடிந்தபிறகு என்ன என்பதை விசாரணைதான் சொல்லும். முதல் கடிதம் வந்தது. ‘நிகழாதவற்றை நிகழ்ந்ததாக முன்கூட்டியே எழுதியது ஏன்?’ ஒரு பக்கத்துக்குள் பதில் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்காவதில் இரண்டு அடித்தல் இருந்தது. அப்படியே கொடுத்துவிட்டேன்.

அதை அவளிடம் சொன்னபோது, பேசாமலிருந்த விரதத்தை முடித்துக்கொண்டாள். “அந்த விசாரணைக்கு நூறு வயசு ஆகட்டும். யாராவது அதை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தா என் நாற்காலியைக்கூட விட்டுத் தர்றேன்.”

பதினேழாம் தொகுதியைப் பாதி டாக்டரே கையுறை போட்டுக்கொண்டு செய்தார். மேல்தளத்திலிருந்து யாராவது குடுவை கேட்டு வரும்போது சேதி வரும். காரநீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு சில்லை எடுக்கிறாராம். எடுத்தபிறகு எழுதுகிறாராம். பதிவேடு முழுக்க மஞ்சள் பொத்தலாம்.

ஒரு வியாழக்கிழமை ஐந்து மணிக்கு, உறையைக் கழற்றிக் கை கழுவிக்கொண்டிருந்தேன். உடைப்பார் படியிறங்கி வந்து வாசலில் நின்றார். அவர் என்னைத் தேடிக் கீழே வருவது அதுதான் முதல் தடவை.

“ரெண்டு மணி நேரச் சில்லு, நாற்பத்தி மூணு. மூணு சில்லு வெச்சு ஒடைச்சேன் அண்ணே, மூணும் நாற்பதுக்கு மேல. அவங்க அங்கயே தரையில உக்காந்துட்டாங்க.”

“சரி” என்றேன்.

“சரியா? அவ்வளவுதானா? வந்து பாருங்களேன்.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

பொய்யில்லை. இருபது நிமிஷத்தில் வண்டி. போய்ப் பார்த்திருக்கலாம், ஆனால் கால் படியேறச் சம்மதிக்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்ததா என்றால், இருந்தது. பளுவை இறக்கிவைத்துவிட்டு, நிமிர முடியாமல் அப்படியே குனிந்திருக்கிறவனுக்கு இருக்கும் மகிழ்ச்சி.

ஆஸ்பத்திரியில் அவள் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தாள். ஊசி இன்னும் போடவில்லை.

“நாற்பத்தி மூணு வந்துடுச்சு” என்றேன்.

“யாருக்கு?”

“அந்தப் பொண்ணுக்கு.”

“நமக்கு?”

“நமக்கு ஒண்ணுமில்லை.”

“நாலு மாசம்தானே அவளுக்கு இருக்கு? சாப்பிடாம கொள்ளாம கெடப்பா. போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்திருக்கலாம் நீங்க.”

“நீதானே என்கிட்டப் பேசாம இருந்தே, அதுக்காக.”

“அது வேற கணக்கு. அவ என்ன பண்ணா?”

செவிலி வந்து அட்டையைக் கேட்டார். அவள் பையைத் திறந்து கொடுத்தாள். செவிலி அதை இயந்திரத்தில் தேய்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் செவிலியின் முகத்தைப் பார்த்தோம். அது ஏற்க எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும். எப்போதும் அவ்வளவு நேரம் ஆகும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

“கையை நீட்டுங்க” என்றார் செவிலி.

அவள் நீட்டினாள்.